முதலில் கேட்டது யார்? மூல ஆவணங்களோடு ஒரு வரலாற்று வகுப்பு

பள்ளிப் பாடப் புத்தகங்களில் தலித் மக்கள் வரும் வரிகளைத் தேடி எடுத்து, அவற்றின் வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் 'வழங்கப்பட்டது', 'திறக்கப்பட்டது', 'அனுமதிக்கப்பட்டது' என்றுதான் இருக்கும். ஒரு வெள்ளைக்கார கலெக்டர் நிலம் கிடைக்க வழி செய்தார். ஓர் அமெரிக்க கர்னல் பள்ளி திறந்தார். சட்டசபை பொதுச்சாலையில் நடக்க அனுமதித்தது. இந்த வரிகளில் பொய் இல்லை. ஆனால் படித்து முடிக்கும் பிள்ளையின் மனதில் தங்கும் படம் வேறு: நம் முன்னோர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், யாரோ பெரிய மனிதர்கள் வந்து இரக்கப்பட்டார்கள்.

மயிலாப்பூர், தேனாம்பேட்டை, அடையாறு பக்கத்துக் குடியிருப்புகளில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள், இந்தப் படத்தை மாற்றுவதற்கு மேடைப் பேச்சை நம்புவதில்லை. மேசைமேல் தாள்களை வைக்கிறோம். மூல ஆவணம் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் வாழ்ந்தவர்கள் அந்தக் காலத்திலேயே தங்கள் தேவைக்காக எழுதியது, அச்சிட்டது, செதுக்கியது. மனு, தீர்மானம், அரசாணை, இதழ், கடிதம், கல்வெட்டு எல்லாம் இதில் வரும். அவற்றை வைத்துப் பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த விஷயத்தை முதலில் கேட்டது யார்?

1891, 1892, 1894

எங்கள் வகுப்பு நான்கு நிகழ்வுகளில் தொடங்குகிறது. ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, வரிசை மாற்றிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் காலவரிசைப்படி அடுக்க வேண்டும்.

முதல் அட்டை, செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு. அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றியது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010, 1010-அ எண் அரசாணைகள் வந்தன. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லிப் போராடுவதற்கு அடிப்படை இதுதான்.

இரண்டாவது அட்டை, 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் முன்நின்று நடத்திய திராவிட மகாஜன சபை மாநாடு. அங்கே பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின.

மூன்றாவது அட்டை, 1892இல் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் நடந்த மகாஜன சபைக் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாகப் போன அயோத்திதாசர், சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே என்ற பொருளில் பதில் வந்தது. உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு விஷயங்களை வைத்தார். நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும், தரிசு நிலம் வேண்டும்.

நான்காவது அட்டை, 1894இல் தியாசபிகல் சொசைட்டித் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூரில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி.

அடுக்கி முடித்ததும் பிள்ளைகள் தாங்களாகவே கவனிப்பார்கள். நிலமும் பள்ளியும் 'வழங்கப்பட்ட' அதே நான்கு ஆண்டுகளுக்குள், கேட்டவர்கள் பெயரோடும் ஊரோடும் தீர்மான எண்ணோடும் நிற்கிறார்கள். ஒரு மாணவி கேட்டாள், "அக்கா, அப்ப இவங்க கேட்டதாலதான் அவங்க கொடுத்தாங்களா?" நல்ல கேள்வி. ஆனால் தேதி மட்டும் அதற்குப் பதில் சொல்லிவிடாது. ட்ரெமன்ஹீரின் குறிப்பு நீலகிரி மாநாட்டுக்கு முன்பே உருவாகிவந்தது. அந்த மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் அரசை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்குப் பின் இன்னொன்று வந்ததாலேயே முன்னது காரணம் ஆகாது. இதைப் பிள்ளைகள் பழக வேண்டும். நமக்குச் சாதகமான முடிவு என்பதற்காக ஆதாரத்தை இழுத்து வளைக்கக் கூடாது. வளைக்காமலே தாள்கள் சொல்வது போதுமானது: நம் மக்கள் வாய்மூடி இருக்கவில்லை.

நம்மைப் பற்றி எழுதியவர்கள்

ட்ரெமன்ஹீர் குறிப்பைப் படிக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் வரைபடம் காட்டுகிறோம். அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் இருந்த இடம் சைதாப்பேட்டை. இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிற்கும் தியாகராய நகர் அன்று இல்லை. மாம்பலம் அந்த மாவட்டத்துக் கிராமம். 1920களில் மயிலாப்பூர் நீண்ட ஏரியைத் தூர்த்துப் புதிய நகர் எழுப்பி, 1925இல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆக, 'செங்கல்பட்டுப் பறையர்கள்' என்று அந்தக் குறிப்பு பேசுவது எங்கோ தூரத்து மக்களை அல்ல.

அந்தக் குறிப்பில் மிராசுதார்களின் பிடி விரிவாக வருகிறது. தரிசு நிலத்துக்குப் பறையர் ஒருவர் மனுப் போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை. கடன்பட்ட படியாள் வேலையைவிட்டுப் போக முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சேரியில் குடிசை நிற்கும் மனையே மிராசுதாரின் கையில் இருந்தது. கூலி கூடக் கேட்டால் குடிசை போய்விடும். ஓர் அதிகாரி இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பது பெரிய விஷயம். மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தாளிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் உண்டு. எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எந்த மொழியில்? அவர் ஆங்கிலத்தில் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அதில் நம் மக்கள் எண்ணிக்கையாக, நிலைமையாக, பிரச்சினையாக வருகிறார்கள். பேசும் மனிதர்களாக வருவது அரிது. அந்தக் குறிப்பு சொல்வது உண்மை என்று ஒப்புக்கொள்ளும்போதே, அதில் யாருடைய குரல் இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆல்காட் விஷயமும் அப்படித்தான். ஊரூரைத் தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அவருடைய பள்ளிகள் பரவின. அவை பற்றி 1902இல் அவர் ஒரு சிறு நூலே எழுதினார். கடற்கரையோரத்தில் மீனவர் வாழும் ஊரூர் ஆல்காட் குப்பத்தின் பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். ஊர்ப்பெயரும் ஒரு மூல ஆவணம்தான். ஆனால் அந்தப் பள்ளிகள் தொடக்கக் கல்விக்கானவை. பக்கத்தில் நீலகிரித் தீர்மானங்களை வையுங்கள். அங்கே கேட்டது தொடக்கப் பள்ளி மட்டுமா? நம்மவர்களே ஆசிரியராக இருக்கும் பள்ளிகள், மெட்ரிகுலேசன் படிக்க உதவித்தொகை, படித்தவர்களுக்கு அரசு வேலை, உள்ளாட்சி மன்றங்களில் பிரதிநிதித்துவம் என்று அந்தப் பட்டியல் போகிறது. கிடைத்தது, கேட்டதில் ஒரு பகுதி. கொடுத்தவரின் அறிக்கையை மட்டும் படித்தால் கிடைத்ததுதான் முழுசு என்று தோன்றும். கேட்டவரின் தீர்மானத்தையும் படித்தால்தான் பாக்கி எவ்வளவு என்று தெரியும்.

நாமே எழுதியது

அடுத்த வகுப்பில் இதழ்களை எடுக்கிறோம். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். பெயர் 'பறையன்'. ராயப்பேட்டையிலிருந்து 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். விவாதம் தானாகவே பற்றிக்கொள்ளும்.

சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலையில் அச்சிட்டார். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே உரிமை கேட்போம் என்பது அவர் நிலை. அயோத்திதாசருக்கு அந்தப் பெயரே எதிரிகள் சூட்டியது. நாம் பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்பது அவர் வாதம். 1898இல் அவரும் தோழர்களும் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார்கள். திரும்பி வந்து சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார்கள். இரண்டு பேரும் உறவுக்காரர்கள், ஒரே நகரத்தில் இயங்கியவர்கள், ஒரே மக்களுக்காக உழைத்தவர்கள். ஆனாலும் அடிப்படையான விஷயத்திலேயே கருத்து வேறுபாடு. தலித் மக்களுக்கு ஒரே கருத்துத்தான் இருக்கும், ஒரே தலைவர்தான் இருப்பார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சில நேரம் நம் பிள்ளைகளும் அப்படி நினைக்கிறார்கள். இந்த இரண்டு இதழ்ப் பெயர்களும் அந்த எண்ணத்தை உடைக்கின்றன.

இந்த இதழ்கள் எப்படி நம் கைக்கு வந்தன என்பதும் பாடம்தான். 'பறையன்' இதழின் முழுத் தொகுப்பு நமக்குக் கிடைக்கவில்லை. அதில் வந்த செய்திகள் சில, சுதேசப் பத்திரிகைகளைக் கண்காணிக்க அரசு தயாரித்த ஆங்கில அறிக்கைகளில் சுருக்கமாகத் தங்கியிருக்கின்றன. நம் குரலைக் கண்காணித்தவர்களின் காகிதத்தில்தான் நம் குரலைத் தேட வேண்டியிருக்கிறது. 'தமிழன்' கதை வேறு. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தனிமனிதர்களாகப் பல்லாண்டு காத்து வைத்திருந்தார்கள். அப்படிக் காக்கப்பட்டவற்றைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. பண்டிதர் மறைந்தது 1914இல். எண்பத்தைந்து ஆண்டுகள் அவர் எழுத்து பொதுவெளிக்கு எளிதில் கிடைக்காமல் இருந்தது. இன்று காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. சிலைக்கு மாலை போடப் போகும் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்வது: போவதற்கு முன் 'தமிழ'னில் ஒரு பக்கமாவது சத்தமாகப் படித்துவிட்டுப் போங்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய தமிழ் கண்ணுக்குக் கடினமாகத் தோன்றும். வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குப் படித்துக் காட்டிய காலத்து எழுத்து அது.

ஒரே ஒரு சாட்சி

மூல ஆவணத்தை நம்பவும் தெரிய வேண்டும், எடைபோடவும் தெரிய வேண்டும். அதற்கு நாங்கள் எடுத்துக்கொள்வது கந்தப்பன் கதை. ஆரிங்டன் துரையிடம் பட்லராக வேலை பார்த்த தன் பாட்டனார் கந்தப்பன், தன் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடியார் ஏட்டுச் சுவடிகளை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்று அயோத்திதாசர் எழுதுகிறார். திருக்குறள் முதன்முதலில் அச்சேறியது 1812இல்.

இதை எப்படிச் சோதிப்பது? எல்லிஸுக்குக் குறள்மீது இருந்த பற்றுக்குக் கல்லிலேயே சான்று உண்டு. ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றில் அவர் பொறிக்கச் செய்த 1818ஆம் ஆண்டுக் கல்வெட்டில் குறள் இருக்கிறது. அந்தக் கல் இப்போது மதுரை திருமலை நாயக்கர் மகால் அருங்காட்சியகத்தில். எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தபின் அவருடைய தாள்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. ஆக, கந்தப்பனைப் பற்றி நம் கையில் இருக்கும் வலுவான சாட்சி, பேரன் எழுதிய குடும்ப நினைவு.

பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரே ஒருவர் சொன்னதை எப்படி ஏற்பது என்று ஒரு கட்சி. ஒரு பட்லரின் பெயரை எந்தத் துரை எழுதி வைத்திருப்பான் என்று இன்னொரு கட்சி. இரண்டு வாதமும் சரியானவை. நாங்கள் எதையும் தீர்ப்பாகச் சொல்வதில்லை. இப்படி எழுதப் பழக்குகிறோம்: 'கந்தப்பன் சுவடிகளைத் தந்தார் என்று அவர் பேரன் அயோத்திதாசர் பதிவு செய்கிறார்.' யார் சொன்னது என்பதை மறைக்காமல் சொன்னால் நம் வாதத்தை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. சமூக ஊடகத்தில் ஆதாரம் இல்லாமல் எழுதி, எதிராளி ஒரே கேள்வியில் நம்மை மடக்கிவிடும் நிலை வரக் கூடாது.

உங்கள் சான்றிதழில் இருக்கும் சொல்

பிறகு எல்லோரையும் சாதிச் சான்றிதழ் நகலை எடுக்கச் சொல்கிறோம். பலருடையதில் 'ஆதி திராவிடர்' என்று இருக்கும். இந்தச் சொல் எங்கிருந்து அரசாங்கக் காகிதத்துக்கு வந்தது?

பறையன் என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது 1891 நீலகிரித் தீர்மானங்களில் ஒன்று. முப்பது ஆண்டு கழித்து, பரங்கிமலையில் பிறந்த ஆசிரியரும் சென்னைச் சட்டசபை உறுப்பினருமான எம்.சி. ராஜா இதைச் சபையில் எழுப்பினார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை விட்டுவிட்டு ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்று குறிக்க வேண்டும் என்பது தீர்மானம். 1922 மார்ச்சில் அது 817ஆம் எண் அரசாணை ஆயிற்று.

அதே 1891 பட்டியலில் இன்னும் இரண்டு: பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது, அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் தடையின்றிப் போக வேண்டும். 1924இல் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தில் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் யாரும் நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம் என்று வந்தது. அரசாணையும் ஆயிற்று. அடுத்த ஆறாம் ஆண்டில் அதே சீனிவாசன் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்திருந்தார்.

கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து 1891, 1922, 1924 என்று குறித்தால் பிள்ளைகளுக்கு ஒன்று விளங்கும். ஒரு கோரிக்கை அரசாணை ஆக முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. முதலில் கேட்டவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பண்டிதரும் இல்லை. ஆணை வந்தபின்னும் கிணற்றடியில் அடி விழுந்தது, இன்றும் விழுகிறது. எனவே ஆணையின் தேதி போராட்டம் முடிந்த தேதி அல்ல. அடுத்த மனுவில் மேற்கோள் காட்டக் கிடைத்த ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்த வரி இல்லாமல் அடுத்த மனு எழுத முடியாது.

இது இன்றைக்கு எதற்கு?

2022 மே மாதம், மயிலாப்பூருக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாயோரம் இருந்த வீடுகள் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டன. அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். பல பத்தாண்டுகளாக இங்கேதான் இருக்கிறோம் என்றார்கள் மக்கள். ஆக்கிரமிப்பாளர் என்றது காகிதம்.

சேரி மனை யாருடையது என்று ட்ரெமன்ஹீர் காலத்தில் இருந்த கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அன்று மிராசுதார் கையில் இருந்த மனை, இன்று 'நீர்நிலைப் புறம்போக்கு' என்ற பெயரில் இருக்கிறது. கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு வரலாறு இருந்தது என்பதை நிரூபிப்பது எது? பழைய ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது, பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருக்கும் முகவரி, குடிசை மாற்று வாரியம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணை. மிரட்டுவதற்காக வந்த பி மெமோகூட, அந்தத் தேதியில் அந்த இடத்தில் நாம் இருந்தோம் என்பதற்கு அரசே கொடுத்த சாட்சி.

அதனால்தான் எங்கள் வகுப்பின் கடைசிப் பாடம் வீட்டு டிரங்குப் பெட்டி. இதைச் செய்ய விரும்பும் தோழர்கள் கவனிக்க வேண்டியவை சில. அசல் தாளை ஒருபோதும் வீட்டைவிட்டு வெளியே எடுக்க வேண்டாம், அங்கேயே படம் எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், அது பழைய தாளைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, கொடுத்த அலுவலகம், தாளில் இருக்கும் முகவரி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆயாவிடம் கேட்டு, அந்தத் தாள் எப்படி வந்தது என்ற கதையையும் அவர் சொற்களிலேயே எழுதுங்கள். பெயரும் எண்ணும் தெரியும்படி எதையும் இணையத்தில் போடாதீர்கள். நகல் தொகுப்பு ஒன்றை அந்தக் குடும்பத்திடமே கொடுங்கள். அலுவலகத்தில் இருக்க வேண்டிய தாள் வீட்டில் இல்லையென்றால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பழைய தாள்களுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டூர்புரம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் ஆகியவை இருக்கின்றன. அங்கே போவதற்கு முனைவர் பட்டம் வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். என்ன தேடுகிறோம் என்று ஒரு தேதியோ பெயரோ கையில் இருந்தால் போதும். இந்தக் கட்டுரையிலேயே அப்படிப்பட்ட தேதிகள் பல இருக்கின்றன.

தாளைப் படிக்கும்போது ஐந்து கேள்வி கேளுங்கள். எழுதியது யார், யாருக்கு? எந்தத் தேதி? என்ன கேட்கிறது அல்லது என்ன கொடுக்கிறது? நம்மை என்ன சொல்லால் குறிக்கிறது? இதற்கு ஜோடியான தாள் எங்கே இருக்கும்? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். ஆணை இருந்தால் அதற்கு முந்தைய மனுவைத் தேடுங்கள். மனு இருந்தால் அதற்கு வந்த பதிலைத் தேடுங்கள். பதிலே வராத மனுக்கள்தான் நம் மக்களிடம் அதிகம் இருக்கும். அவற்றையும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். முப்பது ஆண்டு கழித்து யாரோ ஒரு பிள்ளை, முதலில் கேட்டது யார் என்று தேடி வரும்.